கரி பஸ் முதல் டூப்ளிகேட் ஃபில்டர் வரை

"மச்சி, கம்பெனி ஏர் ஃபில்டர் விலையில மூணுல ஒரு பங்குக்கு வெளியில கிடைக்குது. வாங்கிப் போடலாமா? இஞ்சினுக்கு ஏதாவது ஆயிடுமா?"

பொட்டி தட்டுற வேலையில் இருக்கிற என்கிட்ட மாசத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுடறாங்க. காரணம், நான் படிச்சது மெக்கானிக்கல். (நாலு வருஷம் இஞ்சினைப் படிச்சுட்டு சாஃப்ட்வேருக்குத் தாவின பெருங்கூட்டத்தில் அடியேனும் ஒருத்தன்.) ஒரு வரியில் பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி நம்ம தமிழ்நாட்டிலேயே எண்பது வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. அதைப் படிச்சா பதில் தானா வந்துடும். அதனால் பதிவு கொஞ்சம் நீளம். ஆணி குறைவா இருக்கிற நேரத்தில் படிங்க.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேணும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக லிட்டருக்குப் பதினோரு கிலோ காற்று. காற்று லேசானது இல்லையா? பதினோரு கிலோ காற்று என்பது சுமார் 9,000 லிட்டர்! நாம பங்கில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காசு கொடுக்கிறோம், வண்டி அதோடு சேர்த்து ஒன்பதாயிரம் லிட்டர் காற்றை ஓசியில் குடிக்குது. வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 என்று வெச்சுக்கிட்டா, 800 லிட்டர் பெட்ரோல், 72 லட்சம் லிட்டர் காற்று.

இப்ப அந்தக் காற்று எங்கிருந்து வருதுன்னு பாருங்க. எங்க ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கு. சம்பந்தர் பாடின மாகறலீஸ்வரர் கோயில்தான் ஊருக்கு அடையாளம். சாமிக்கு அடுத்தபடியா எங்க சாலையில் எல்லாரும் அறிஞ்சது மணல் லாரியும் ஜல்லி லாரியும். ஒரு லாரிக்குப் பின்னாடி அஞ்சு நிமிஷம் போனா சட்டைக் காலர் சொல்லிடும். அந்தத் தூசியில் நிறைய இருப்பது குவார்ட்ஸ், அதாவது மணலின் பொடி. கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் அதுக்கு 7. சிலிண்டர் வார்க்கிற இரும்பைவிடக் கடினம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் கனம்தான். பத்து மைக்ரான் தூசி உள்ளே போனா, அங்கே அது உப்புத்தாள் வேலை பார்க்கும்.

இதை நம்ம ஊர் ஆட்கள் பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட காலம் ஒண்ணு இருக்கு. இரண்டாம் உலகப்போர். 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துச்சு. பஸ் முதலாளிகள் முழிச்சாங்க. பஸ்ஸை நிறுத்தணும், இல்லைன்னா வேற எதையாவது போட்டு ஓட்டணும். வேற எதையாவது என்பது கரி. அடுப்புக்கரி!

மதுரையில் 1912-ல் பஸ் விடத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் (ஆமா, டி.வி.எஸ். என்ற மூணு எழுத்துக்குச் சொந்தக்காரர்) போர்க்காலத்தில் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற பெயரில் கரிவாயு தயாரிக்கும் கருவியை உருவாக்கி விற்றார். பஸ்ஸின் பின்னாடியோ பக்கவாட்டிலோ பெரிய இரும்பு உருளை. அதில் கரியைக் கொட்டி, காற்றைக் குறைவா விட்டு எரிப்பாங்க. கரி முழுசா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். அதுதான் எரிபொருள். கிளம்பும் முன்னாடி கிளீனர் விசிறியைக் கையால் சுத்தி நெருப்பைக் கிளப்பணும். பெட்ரோலில் ஓடும்போது இருந்த சக்தியில் பாதி வரைக்கும் காணாமப் போயிடும். மேடு வந்தா ஜனங்க இறங்கித் தள்ளின கதையை அந்தக் காலத்துப் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க.

அதில் சக்தியைவிடப் பெரிய தலைவலி சாம்பல். கரி எரிஞ்சு வரும் வாயுவோடு சாம்பல் தூளும் கரித்தூளும் கூடவே வரும். வடிகட்டாம விட்டா இஞ்சின் சீக்கிரமே காலி. அதனால் ஒவ்வொரு கரி பஸ்ஸும் ஒரு நடமாடும் வடிகட்டி ஆலை. முதலில் வாயுவைச் சுழலவிட்டுப் பெரிய துகள்களைக் கீழே தள்ளுவாங்க, அப்புறம் குளிரவிட்டு, அப்புறம் வடிகட்டுவாங்க. கரிக்கும் விறகுக்கும் மாறின நாடுகளில் இதுக்கு என்னென்ன பயன்பட்டுச்சுன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கும். மரச்சுருள், கற்றாழை நார், எண்ணெயில் நனைச்ச மரத்துண்டு, துணி. ஸ்வீடனில் மட்டும் 1942 தொடக்கத்தில் 70,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் இப்படி ஓடுச்சு. துணி ஃபில்டர் நல்லா வடிகட்டும், ஆனா வாயு சூடா வந்தா கருகிடும், ரொம்பக் குளிர்ந்து வந்தா ஈரம் கோத்து அடைச்சுக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. நாரும் துணியும் சல்லிசான பொருள்தான். ஆனாலும் வண்டி ஓடுச்சு. எதனால? நாரை மாத்தறதும், சாம்பலைத் தட்டறதும், தொட்டியைக் கழுவறதும் தினசரி வேலையா இருந்துச்சு. செஞ்சவனுக்கு அது என்ன, எதுக்குன்னு தெரியும். மலிவு ஃபில்டர் அன்னைக்கே இருந்துச்சு, ஆனா அநாமதேய ஃபில்டர் இல்லை.

அதே போரில், எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கு. சோவியத் நாட்டின் டி-34 டாங்கி. போரின் தலைசிறந்த டாங்கின்னு பலரும் கொண்டாடுவது. அதில் ஒண்ணை 1942-ல் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்துக்கு அனுப்பினாங்க. 343 கிலோமீட்டர் ஓடினதோடு அதன் டீசல் இஞ்சின் உட்கார்ந்துடுச்சு, சரிசெய்யவே முடியலை. இஞ்சின் வடிவமைப்பு மோசமில்லை. ஏர் கிளீனர் படுமோசம். தூசி நேரா உள்ளே போய் சிலிண்டரையும் பிஸ்டனையும் தேய்ச்சுடுச்சு. பின்னாடி ரஷ்யர்கள் போருக்குள்ளேயே நல்ல கிளீனருக்கு மாறினாங்க என்பது வேற கதை. முப்பது டன் டாங்கியை ஒரு தகரடப்பா ஃபில்டர் கவிழ்த்த சம்பவம் இது.

சரி, அப்ப ரொம்ப இறுக்கமா வடிகட்டிட்டா நல்லதுதானே? அதுவும் இல்லை. 1942-ல் மால்டா தீவுக்குப் போன ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குப் பாலைவனத் தூசிக்காக மூக்குக்குக் கீழே பெரிய தாடை மாதிரி வோக்ஸ் ஃபில்டர் மாட்டினாங்க. இஞ்சின் பிழைச்சுது, வேகம் குறைஞ்சுது. காற்று தாராளமா வரணும், தூசி வரக்கூடாது. ரெண்டையும் ஒண்ணா கேட்கிறோம், அதுதான் சிக்கல். யாராவது "இந்த ஃபில்டர் போட்டதிலிருந்து பிக்கப் சூப்பர்" என்று சொன்னா சந்தோஷப்படும் முன்னாடி, காற்றோடு வேற என்னவெல்லாம் தாராளமா போகுதுன்னு யோசிங்க.

போர் முடிஞ்சு பெட்ரோல் வந்துச்சு. சென்னையில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியா என்ஃபீல்டு புல்லட்டை இங்கேயே தயாரிக்க ஏற்பாடு ஆச்சு. வடக்கே அம்பாசடர், ஃபியட். அந்தத் தலைமுறைக் கார், லாரி, டிராக்டர்களில் பரவலா இருந்தது ஆயில் பாத் ஏர் கிளீனர். கிண்ணத்தில் ஆயில் இருக்கும். உள்ளே இறங்கும் காற்று ஆயிலுக்கு மேலே சட்டுனு திரும்பும். கனமான தூசி திரும்ப முடியாம ஆயிலில் விழும். தப்பிச்சது மேலே ஆயில் நனைஞ்ச கம்பி வலையிலோ நாரிலோ ஒட்டிக்கும். கிண்ணத்தைக் கழட்டி, சேற்றை வழிச்சு, புது ஆயில் ஊத்தினா மறுபடி புதுசு.

இதன் வடிகட்டும் திறன் நூற்றுக்கு 95 முதல் 98 வரை. வண்டி மெதுவா ஓடினா இன்னும் குறையும், ஏன்னா காற்றுக்கு வேகம் இருந்தாத்தான் தூசி திரும்ப முடியாம விழும். ஆனா அதில் ஒரு வசதி இருந்துச்சு. வாங்கிப் போட அதில் பொருளே இல்லை. பொருள் இல்லைன்னா டூப்ளிகேட்டும் இல்லை! இஞ்சினின் ஆயுள் கிளீனர் பையன் கையில் இருந்துச்சு, பெட்டிக்கடை டப்பாவில் இல்லை.

அதை மாத்தினது காகிதம். பிசின் ஏற்றின காகிதத்தை விசிறி மாதிரி மடிச்சு, சுத்தி ரப்பர் போன்ற விளிம்பு கட்டின ஃபில்டர். ஜெர்மனியில் 1941-ல் ஃபில்டர் செய்யத் தொடங்கின மான்+ஹம்மல் நிறுவனத்தின் இரண்டு நிறுவனர்களும் அதுக்கு முன்னாடி துணி ஆடைக் கம்பெனி நிர்வாகிகள். போரில் ஆடைத் தொழில் முடங்கவும் ஃபில்டருக்கு வந்தாங்க. நெசவு ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கிறப்ப ஒரு சின்ன சந்தோஷம். நூலும் நாரும் தெரிஞ்சவனுக்கு வடிகட்டறதும் கைவந்த கலைதான்.

நம்ம ஊரில் காகித ஃபில்டரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்ததில் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கும் அதுக்குப் பின்னாடி வந்த கார்களுக்கும் பெரிய பங்கு. 1998-ல் எங்க காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்தே சான்ட்ரோ வர ஆரம்பிச்சுது. காகிதம் 99-க்கும் மேலே வடிகட்டும். 95, 97, 99 எல்லாம் பரீட்சை மார்க் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் தெரியுதா? திருப்பிப் பாருங்க. 99 என்றால் உள்ளே போவது 1. 97 என்றால் உள்ளே போவது 3. அதாவது மூணு மடங்கு! இஞ்சினுக்கு ஃபில்டர் பிடிச்ச தூசியைப் பத்திக் கவலை இல்லை, விட்ட தூசிதான் கணக்கு.

இந்த 99-ஐ எப்படி அளக்கறாங்க? அதுக்கு ஐ.எஸ்.ஓ. 5011 என்று ஒரு சோதனை முறை இருக்கு. முதல் பதிப்பு 1988, கடைசியா திருத்தினது 2020. அளந்த தூசியைக் காற்றில் தூவி, ஃபில்டர் எவ்வளவு பிடிக்குது, எவ்வளவு விடுது, எவ்வளவு மூச்சுத் திணறுதுன்னு பார்ப்பாங்க. தூசிக்கும் தரம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்து மண்ணைச் சலிச்சு வகை பிரிச்சு விற்கிறாங்க. மண்ணைக் காசு கொடுத்து வாங்கணுமா, எங்க சாலைக்கு வாங்க, ஓசியிலேயே தர்றோம்னு சொல்லத் தோணுது :)

காகிதம் வந்ததும் ஃபில்டர் என்பது வாங்கிப் போட்டுத் தூக்கி எறியும் பொருள் ஆச்சு. பொருள் ஆனதும் சந்தை வந்துச்சு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள், புதுப்பேட்டையில் பழைய பாகங்கள். அங்கே ஃபில்டர் என்று கேட்டா மூணு ஜாதி வரும். ஒண்ணு, கார் கம்பெனி முத்திரை போட்ட டப்பா. ரெண்டு, வேற ஒரு ஃபில்டர் கம்பெனி தன் பெயரைத் தைரியமா போட்டு, "இந்த வண்டிக்குப் பொருந்தும்" என்று அச்சடிச்ச டப்பா. மூணு, கார் கம்பெனி டப்பா மாதிரியே இருக்கும் வேற எவனோ செஞ்ச சரக்கு.

நம்ம ஆட்கள் ரெண்டையும் மூணையும் ஒண்ணாப் போட்டு "டூப்ளிகேட்" என்று சொல்லிடறாங்க. இதில்தான் குழப்பமே.

சட்டம் இதைத் தெளிவா பிரிக்குது. 1999-ம் வருஷத்து வணிகக்குறிச் சட்டத்தில் 30-வது பிரிவின் ஒரு உட்பிரிவு, ஒரு வண்டிக்குப் பொருந்தும்படி செஞ்ச உதிரிபாகத்தில், பொருந்தும் என்று காட்டத் தேவையான அளவுக்கு அந்த வண்டியின் பெயரை நேர்மையாகப் பயன்படுத்த அனுமதிக்குது. வாங்குறவனை ஏமாத்தற மாதிரி போட்டா குற்றம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பர் 15. அதே நாளில் நடைமுறைக்கு வந்த இன்னொரு சட்டம், புவிசார் குறியீட்டுச் சட்டம். அதன் கீழே 2005-06-ல் பதிவான பெயர், காஞ்சிபுரம் பட்டு!

ஃபில்டர் எங்கே, பட்டு எங்கேன்னு கேட்கறீங்களா? எங்க பக்கத்து ஜனங்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். விசைத்தறிச் சேலையை விசைத்தறின்னு சொல்லி விற்கிறவன்மேல எந்த நெசவாளிக்கும் கோபம் இல்லை. அதுக்கு ஒரு விலை, ஒரு உழைப்பு, வாங்க ஒரு ஆள் உண்டு. ஆனா அதையே கோர்வை போட்ட கைத்தறிப் பட்டுன்னு பொய் சொல்லி விற்கிறவன் நெசவாளி வயித்தில் அடிக்கிறான், வாங்குறவன் பையிலும் கை வைக்கிறான். அதனால்தான் காஞ்சிபுரத்தில் 1971-லேயே அரசு ஜரிகை ஆலை வந்துச்சு, ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவுன்னு சோதிக்க வசதி வந்துச்சு, 2004-ல் சில்க் மார்க் வந்துச்சு. மலிவு தப்பில்லை. பெயரைத் திருடறதுதான் தப்பு.

எங்க வீட்டுக்குள்ளேயே இதுக்கு விலை கொடுத்தோம். சித்தப்பா வாடகைக் கார் ஓட்டறவர். சென்னையிலிருந்து பட்டு எடுக்க வர்றவங்களைக் கடை கடையா கூட்டிட்டுப் போறது அவர் பிழைப்பு. கையில் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கின டீசல் வண்டி. ஒரு சர்வீஸில் ஒரு கடையில் ஃபில்டர் வாங்கினார், டப்பாவில் பெரிய பெயர், விலை சல்லிசு, பில் கிடையாது. சில மாசத்தில் வண்டி ஆயில் குடிக்க ஆரம்பிச்சுது, சைலன்சரில் நீலப்புகை. மெக்கானிக் அண்ணன் ஃபில்டருக்கு அப்பால் இருக்கிற ஹோஸைக் கழட்டி உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். அரிசி மாவு மாதிரி மண். ஃபில்டர் காகிதம் கிழியலை. விளிம்பு ரப்பர் கடினமாகி ஒரு மூலையில் சரியா உட்காராம இடைவெளி விட்டிருந்துச்சு. அந்த ஓரமா ஒரு தூசிக்கோடு.

வண்டி ஏற்கனவே பல லட்சம் கிலோமீட்டர் ஓடினதுதான். தேய்மானம் முழுக்க ஃபில்டரால்தான்னு சொன்னா அது நியாயமில்லை. ஆனா ஹோஸுக்குள்ள இருந்த மண்ணுக்கு வேற வழி கிடையாது. இஞ்சின் வேலைக்குப் போன பணம், தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணம். சித்தி கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போய் ஃபீஸ் கட்டினாங்க. "சித்தப்பா, கம்பெனி ஃபில்டரே போட்டிருக்கலாமே" என்றேன். "நான் கம்பெனி ஃபில்டர்னு நம்பித்தாண்டா வாங்கினேன்" என்றார். அவர் சொன்னதில் எனக்குப் பதில் இல்லை.

அப்ப கார் கம்பெனி டப்பாவே கதின்னு ஆயிடலாமா? அங்கேதான் கதையில் இன்னொரு திருப்பம். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாம தடுத்து, தனி ஒர்க்ஷாப்களை ஒதுக்கி, வாடிக்கையாளரிடம் கூடுதல் விலை வாங்கறாங்கன்னு ஆணையம் சொல்லுச்சு. உதிரிபாகம் செய்யும் கம்பெனிகள் தங்கள் பெயரிலேயே வெளியில் விற்பதைத் தடுக்கக்கூடாது, வெளியில் பழுது பார்த்ததாலேயே வாரண்டி மொத்தத்தையும் ரத்து செய்யக்கூடாதுன்னும் உத்தரவில் இருக்கு. அபராதம் அப்புறம் மேல்முறையீட்டுக்குப் போச்சு. ஆனா அந்த வழக்கு காட்டின உண்மை அப்படியேதான் இருக்கு. கார் கம்பெனிகள் பல பாகங்களைத் தாங்களே செய்யறதில்லை, வெளியில் செய்யச் சொல்லி வாங்கித் தங்கள் டப்பாவில் போடறாங்க. அதே மாதிரி தரத்தில், செஞ்சவனின் சொந்தப் பெயரில், குறைஞ்ச விலைக்கு ஃபில்டர் கிடைக்கறது சாத்தியம்தான்.

ஆக, கேள்விக்குப் பதில். விலை குறைவா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், யார் செஞ்சதுன்னு தெரியலைன்னா பயப்படுங்க. தன் பெயரைப் போட்டு, பாகம் எண் போட்டு, பில் கொடுத்து விற்கிற மலிவு ஃபில்டர் பெரும்பாலும் உங்க இஞ்சினைக் காப்பாத்தும். பெரிய பெயர் போட்டு நம்ப முடியாத விலைக்கு, பில் இல்லாம வர்றது சித்தப்பா வாங்கின ஜாதி.

வாங்கும்போதும் மாட்டும்போதும் பார்க்க வேண்டியது:

ஒண்ணு, பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. அளவு, மடிப்புகளின் எண்ணிக்கை, ஆழம், எடை எல்லாம் ஒப்பிடுங்க. மடிப்பு குறைவுன்னா காகிதம் குறைவு. சீக்கிரம் அடைக்கும்.

ரெண்டு, விளிம்பை அழுத்திப் பாருங்க. அமுங்கி மெதுவா எழும்பணும். கல்லு மாதிரி இருந்தா வேண்டாம். மோசமான காகிதத்தைவிட மோசமான விளிம்பு ஆபத்து.

மூணு, மாட்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் மூடியைத் திறந்து, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் (இஞ்சின் பக்கம்) வெள்ளைத் துணியால் துடைங்க. துணி சுத்தமா இருக்கணும். மண் வந்தா அன்னைக்கே தூக்கிப் போடுங்க. இந்தத் துணிதான் ஏழைகளின் ஐ.எஸ்.ஓ. 5011.

நாலு, வாரா வாரம் கழட்டி கம்ப்ரசர் காற்று அடிக்காதீங்க. காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிஞ்சதும் வடிகட்டும் திறன் கூடும், ஏன்னா படிஞ்ச தூசியே இன்னொரு வடிகட்டி. அழுத்தமா காற்று அடிச்சா காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம். மேனுவல் சொல்ற கிலோமீட்டரில் மாத்துங்க. எங்க ஊர் மாதிரி புழுதிச் சாலைன்னா அதுக்கு முன்னாடியே.

அடுத்து ஒரு வேண்டுகோள். கரி பஸ்ஸில் போனவங்க, விசிறி சுத்தின கிளீனர்கள், அதைத் தள்ளின ஜனங்க, யாரா இருந்தாலும் இன்னைக்குத் தொண்ணூறு வயசை நெருங்கியிருப்பாங்க, இல்லைன்னா தாண்டியிருப்பாங்க. டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் பத்தி கம்பெனி வரலாற்றில் ரெண்டு வரி இருக்கும். ஆனா எந்த நாரைப் போட்டு வடிகட்டினாங்க, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாத்தினாங்க, இஞ்சின் எத்தனை மாசம் தாங்குச்சு என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத்தான் தெரியும். உங்க வீட்டில், உங்க தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தா இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்க. கேட்டதை உங்க பதிவில் போட்டு, இங்கே பின்னூட்டத்தில் சுட்டி கொடுங்க. எல்லாத்தையும் சேர்த்து ஒரு தொடரா போட ஆசை.

சித்தப்பா வண்டி இப்ப ஓடுது. மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரி, டிக்கியில் ஒரு வெள்ளைத் துணி மடிச்சு வெச்சிருக்கார்.